பாதி வேலை செய்யும் டிரைவரை எங்கே வைத்து வளர்ப்பது?

புதிய கருவி ஒன்றுக்கு டிரைவர் (கருவியையும் இயங்குதளத்தையும் இணைக்கும் நிரல்) எழுதுகிறீர்கள். கருவி கணினியோடு பேசத் தொடங்கிவிட்டது. அடையாள எண்ணைக் கேட்டால் சரியான பதில் வருகிறது. ஒரு ரிஜிஸ்டரில் (கருவிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு நினைவிடம்) எழுதினால் விளக்கு எரிகிறது. ஆனால் இன்டரப்ட் (கருவி தானாகக் கணினியைக் கூப்பிடும் சமிக்ஞை) இன்னும் வரவில்லை, கணினி தூங்கி எழுந்தால் கருவி மட்டும் எழுவதில்லை, ஐந்து வசதிகளில் ஒன்றுதான் ஓடுகிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "இதை இப்போதே லினக்ஸ் கர்னலுக்கு அனுப்பலாமா, முழுசாக முடித்துவிட்டு அனுப்பலாமா, இல்லை தனியாகவே வைத்துக்கொள்ளலாமா?"

படிப்படியாகச் செய் என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் எந்த இடத்தில் வைத்துப் படிப்படியாகச் செய்வது என்பதை அந்தப் பதில் சொல்வதில்லை. இடம் மாறினால் படிகளின் வரிசையே மாறும். லினக்ஸில் உங்களுக்கு நான்கு இடங்கள் உண்டு: கர்னல் மரத்துக்கு (இயங்குதளத்தின் மையமான கர்னலின் மூல நிரல் தொகுப்பு) வெளியே தனி மாட்யூல் (கர்னலில் ஏற்றக்கூடிய நிரல் துண்டு), மெயின்லைனுக்குள் (அதிகாரபூர்வ கர்னல்) சின்னச் சின்ன பேட்சுகள் (திருத்தங்கள்), ஸ்டேஜிங் (தரம் போதாத டிரைவர்களுக்கான கர்னல் அடைவு), அப்புறம் கர்னலையே தொடாத யூசர்ஸ்பேஸ் (சாதாரண நிரல்கள் ஓடும் பகுதி) டிரைவர். ஐந்தாவதாக ஒரு வழியும் இருக்கிறது, எல்லாவற்றையும் முடித்து ஒரே நாளில் கொட்டுவது. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்தான் எனக்கு முக்கியமானது: எதைத் திரும்பப் பெற முடியாது?

டிரைவருக்குள் இருக்கும் நிரலை எப்போது வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம். ஃபங்ஷன் பெயரை மாற்றலாம், பூட்டும் முறையை மாற்றலாம், ஒரு கோப்பை மூன்றாக்கலாம். வெளியே யாருக்கும் தெரியாது. யூசர்ஸ்பேஸ் நிரல்கள் தொடும் பகுதி அப்படியல்ல. ஐஆக்டில் அழைப்புகள், சிஸ்எஃப்எஸ் கோப்புகள் போன்றவை (நிரல்கள் டிரைவரோடு பேசும் வழிகள்) ஒரு கர்னல் வெளியீட்டில் போய்விட்டால், அதை நம்பி ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸின் பழைய விதி. போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு டிவைஸ் ட்ரீ. அதை எப்படி எழுத வேண்டும் என்ற விதியான பைண்டிங்கும் இதே வகைதான். போர்டோடு சேர்ந்து வெளியே போய்விட்ட டிவைஸ் ட்ரீயை நீங்கள் எட்டிப் பிடிக்க முடியாது. புதிய கர்னல் அந்தப் பழைய டிவைஸ் ட்ரீயோடும் ஓட வேண்டும். ஆக, டிரைவரில் நிரல் வேறு, வாக்கு வேறு. நிரலை மாற்றலாம், கொடுத்த வாக்கை மாற்ற முடியாது.

இரண்டாவது, கர்னல் மாறும்போது யார் திருத்துவது? கர்னலின் உள் இன்டர்ஃபேஸ் நிலையானதல்ல. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று விளக்கும் ஆவணமே கர்னல் மூலத்தோடு வருகிறது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய வெளியீடு. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு ஃபங்ஷன் பெயர் மாறும் அல்லது காணாமல் போகும்.

மூன்றாவது, கருவி என்ன கேட்கிறது என்பது. டிஎம்ஏ (சிபியு வழியாகப் போகாமல் கருவியே நினைவகத்தைத் தொடுவது) வேண்டுமா, இன்டரப்டுக்கு உடனே பதில் சொல்ல வேண்டுமா, இயங்குதளத்துக்கு அது ஒரு நெட்வொர்க் கார்டாகவோ திரையாகவோ தெரிய வேண்டுமா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால் சில வழிகள் தானாகவே அடைபட்டுவிடும்.

மிச்சம் இரண்டும் சின்னவை: பயனர் கைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது, உங்கள் நேரத்தை எது எவ்வளவு தின்கிறது.

டிரைவர் எத்தனை வரி என்பது இந்தப் பட்டியலில் இல்லை. முந்நூறு வரியில் மோசமான வாக்கு கொடுத்துவிட்டு பத்து வருடம் அவதிப்படலாம்.

## மரத்துக்கு வெளியே தனி மாட்யூல்

சொந்தமாக ஒரு கிட் களஞ்சியம், ஒரு மேக்ஃபைல், பயனர்களுக்காக டிகேஎம்எஸ். கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் டிகேஎம்எஸ் உங்கள் மாட்யூலைப் பயனரின் கணினியிலேயே மறுபடி கம்பைல் செய்துவிடும். காலையில் எழுதியதை மாலையில் வெளியிடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். இன்டர்ஃபேஸை இன்று ஒரு மாதிரி, அடுத்த வாரம் வேறு மாதிரி வைத்துப் பார்க்கலாம். வாக்கு கொடுக்காமல் சோதித்துப் பார்க்க, கர்னல் மட்டத்தில் இதைவிடச் சுதந்திரமான இடம் கிடையாது.

இதன் செலவு முதல் நாளில் தெரியாது. 4.15 கர்னலோடு டைமரை அமைக்கும் பழைய முறை போனது. 5.0-இல் பயனர் நினைவக முகவரியைச் சரிபார்க்கும் ஆக்சஸ்_ஓகே அழைப்பு ஒரு ஆர்க்யுமென்டை இழந்தது. 6.4-இல் கிளாஸ்_கிரியேட்டுக்கும் அதே கதி. 6.12-இல் பரவலாகப் பயன்பட்ட ஒரு ஹெடர் கோப்பு இருந்த இடத்தை விட்டு வேறு அடைவுக்குப் போனது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் உங்கள் பயனர்களில் சிலர் பழைய கர்னலில் இருப்பார்கள், சிலர் நேற்று வந்ததில் இருப்பார்கள். இருவருக்கும் ஓட வேண்டும் என்றால் 'கர்னல் இந்தப் பதிப்புக்கு மேல் என்றால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி' என்ற நிபந்தனைகள் நிரல் முழுக்க முளைக்கும். பின்னால் மெயின்லைனுக்கு அனுப்ப நினைக்கும்போது அத்தனையையும் பிடுங்க வேண்டும், ஏனென்றால் மெயின்லைனில் பதிப்புச் சோதனைகளுக்கு இடமில்லை.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினிகளில் கையொப்பமில்லாத மாட்யூலைப் பெரும்பாலான டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) கர்னல்கள் ஏற்றாது. பயனர் தன் சொந்தச் சாவியை உருவாக்கி, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் அதைப் பதிவு செய்ய வேண்டும். "டிரைவர் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் வரும். இன்னொன்று: வெளி மாட்யூல் ஏறிய கர்னலுக்கு 'ஓ' என்று ஒரு கறைக் குறி விழும். அந்தக் கர்னலிலிருந்து வரும் பிழை அறிக்கையைப் பார்த்தால் கர்னல் ஆட்கள் முதலில் சொல்வது, "அந்த மாட்யூலை எடுத்துவிட்டு மறுபடி நடக்கிறதா பாருங்கள்."

யுஎஸ்பி வைஃபை சிப்புகளின் கதை தெரிந்தவர்களுக்கு இதன் முடிவும் தெரியும். உற்பத்தியாளர் ஒருமுறை வெளியிட்ட நிரலை ஒருவர் 5.4-க்குத் திருத்துவார், வேறொருவர் 5.15-க்கு, மூன்றாமவர் அந்த இரண்டையும் பார்க்காமல் 6.1-க்கு. ஒரே டிரைவருக்குப் பத்துப் பிரதிகள். எதில் எந்தப் பிழை தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியும் இது சரியான தேர்வாக இருக்கும் நேரங்கள் உண்டு. சிப் இன்னும் சந்தைக்கு வரவில்லை. ஆவணமே இல்லாமல் ரிவர்ஸ் எஞ்சினியரிங் செய்கிறீர்கள், எந்த ரிஜிஸ்டர் என்ன என்பதே வாரா வாரம் மாறுகிறது. கர்னல் பதிப்பை நீங்களே பூட்டி வைத்திருக்கும் பத்து எந்திரங்களில் மட்டும் ஓடப்போகிறது. இந்த மூன்றிலும் வெளியே இருங்கள்.

## மெயின்லைனுக்குள் துண்டு துண்டாக

'படிப்படியாக' என்ற சொல்லை மெயின்டெயினர்கள் (கர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவர்கள்) உண்மையில் இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் பேட்ச் வரிசையில் டிரைவர் கருவியை அடையாளம் காணும், ஒரே ஒரு வேலையைச் சரியாகச் செய்யும். சென்சார் என்றால் ஒரு சேனலைப் படிக்கும், அவ்வளவுதான். அடுத்த வெளியீட்டில் இன்டரப்ட், அதற்கடுத்து பஃபர், பிறகு மின் சேமிப்பு.

துண்டாக்குவதற்கு ஒரு கறாரான விதி உண்டு. ஒவ்வொரு பேட்சும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும், அதுவரை ஓடியதை உடைக்கக் கூடாது. கிட் பைசெக்ட் வைத்துப் பிழையைத் தேடுகிறவர் உங்கள் வரிசையின் நடுவில் எங்கே வந்து இறங்கினாலும் அவருடைய கணினி எழுந்து நிற்க வேண்டும். கோப்பு வாரியாகவோ நாள் வாரியாகவோ வெட்டினால் இது நடக்காது. செயல் வாரியாக வெட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நிரலை ஒழுங்குபடுத்தும் பேட்ச் தனியாக முன்னால் போக வேண்டும், புதிய வசதி அதன் பின்னால் வர வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் பதினைந்து பேட்சுகளுக்கு மேல் அனுப்பாதீர்கள் என்று கர்னலின் வழிகாட்டி ஆவணமே சொல்கிறது. ரிவ்யூ செய்கிறவரின் பொறுமையை அளந்து சொன்ன எண் அது.

இது எவ்வளவு சின்னதாகத் தொடங்கலாம் என்பதற்கு நோவா நல்ல உதாரணம். என்விடியா சிப்புகளுக்காக ரஸ்ட் மொழியில் எழுதப்படும் இந்த டிரைவரின் மையப் பகுதி 2025-இல் 6.15 கர்னலில் நுழைந்தபோது, அது எலும்புக்கூடு மட்டும்தான். எந்த சிப் என்று பார்ப்பதைத் தாண்டிப் பயனருக்கு உதவும் எதையும் அது செய்யவில்லை. திரையில் ஒரு புள்ளிகூட வராத டிரைவரை எதற்கு உள்ளே எடுக்க வேண்டும் என்று தோன்றலாம். அடித்தளம் உள்ளே வந்துவிட்டால் ரஸ்டுக்குத் தேவையான துணைப் பகுதிகளைக் கண்ணெதிரே ஒரு பயனாளியை வைத்துக்கொண்டு ரிவ்யூ செய்யலாம் என்பதுதான் கணக்கு. யாரும் பயன்படுத்தாத துணை நிரலை மெயின்லைன் பொதுவாக ஏற்காது.

ஆர்டிடபிள்யூ88 என்ற வைஃபை டிரைவர் இன்னொரு வகை. 2019-இல் 5.2 கர்னலில் வந்தபோது பிசிஐ கார்டுகளுக்கு மட்டும்தான். யுஎஸ்பி ஆதரவு 6.2-இல் சேர்ந்தது, எஸ்டிஐஓ 6.4-இல். பின்னால் வந்த இந்த இரண்டையும் முன்னின்று எழுதியவர்கள் சிப் தயாரித்த நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்கள். டிரைவர் மரத்துக்குள் இருந்ததால்தான் அது சாத்தியமானது. இரண்டாவது அளவுகோலுக்கும் இங்கேதான் நல்ல பதில் கிடைக்கிறது: கர்னலின் உள் இன்டர்ஃபேஸை மாற்றுகிறவர், மரத்துக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் தானே திருத்த வேண்டும். மேலே சொன்ன டைமர் மாற்றத்தில் மரத்துக்குள் இருந்த நூற்றுக்கணக்கான டிரைவர்கள் அவற்றை எழுதியவர்கள் கை வைக்காமலே திருந்தின. இன்னொரு சலுகையும் உண்டு. டிரைவர் ஒருமுறை உள்ளே போய்விட்டால், அதே குடும்பத்தின் புதிய கருவிக்கு அடையாள எண் சேர்ப்பது ஒரு வரி வேலை; அந்த வகை பேட்சை ஸ்டேபிள் கர்னல்களும் (ஏற்கெனவே வெளியாகித் திருத்தங்கள் மட்டும் பெறுபவை) ஏற்கும்.

### இங்கே எது விலை

வாக்குதான். மற்ற இடங்களில் தள்ளிப்போடக்கூடிய முடிவை இங்கே முதல் நாளிலேயே எடுக்க வேண்டும்.

பலர் இடறுவது இங்கேதான். நிரலைத் துண்டாக்குவதுபோல் பைண்டிங்கையும் துண்டாக்குகிறார்கள்: "இன்டரப்டை இன்னும் டிரைவர் பயன்படுத்தவில்லை, அதனால் பைண்டிங்கில் எழுதவில்லை." ரிவ்யூவில் இது திரும்பி வரும். பைண்டிங் வன்பொருளை விவரிக்கிறது, டிரைவரை அல்ல. டிரைவர் சில வசதிகளை ஆதரிக்காவிட்டாலும் பைண்டிங் முழுமையாக இருக்க முயல வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. சிப்பில் இரண்டு மின் இணைப்பு, ஒரு ரீசெட் பின், ஒரு இன்டரப்ட் இருந்தால் நான்கும் முதல் பேட்சிலேயே இருக்க வேண்டும். சி நிரல் அதில் ஒன்றை மட்டும் தொட்டால் போதும்.

ஐஆக்டிலுக்கும் அதே புத்திதான், கொஞ்சம் வேறு வடிவத்தில். ஸ்ட்ரக்சரில் பயன்படாத ஃப்ளாக், காலியிடம் எதுவானாலும் அதில் பூஜ்ஜியம் தவிர வேறெது வந்தாலும் பிழை என்று முதல் நாளிலிருந்தே திருப்பி அனுப்புங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால், ஏதோ ஒரு நிரல் அங்கே குப்பையை நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். நாளைக்கு அந்த இடத்துக்கு ஒரு பொருள் கொடுத்தால் அந்த நிரல் உடையும், பழி உங்கள் மேல் விழும். இன்டர்ஃபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லையா? அப்படியானால் இந்த வெளியீட்டில் அதை அனுப்பவே வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால் டிபக்எஃப்எஸ் இருக்கிறது. அதற்கு இந்தக் கடுமையான வாக்கு பொருந்தாது.

வாக்கும் நிரலும் எவ்வளவு தூரம் பிரியலாம் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. ஆப்பிள் சிலிக்கான் கணினிகளின் கிராஃபிக்ஸுக்காக அவற்றில் லினக்ஸை ஓடவைக்கும் அசாஹி திட்டத்தினர் எழுதிய டிரைவரின் யூசர்ஸ்பேஸ் இன்டர்ஃபேஸ் ஹெடர் மட்டும் 2025-இல் 6.16 கர்னலில் ஏறியது. டிரைவர் வெளியேதான் இருந்தது. அதுவரை இன்டர்ஃபேஸை அவர்கள் தங்கள் சொந்த மரத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அது ஒரு நிலைக்கு வந்ததும், மீசா (யூசர்ஸ்பேஸ் கிராஃபிக்ஸ் நூலகம்) பக்கம் நம்பிக்கையோடு வேலை செய்ய வாக்கை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டார்கள். வழக்கத்தில் இல்லாத ஏற்பாடு. ஆனால் எது முக்கியம் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

நேரச் செலவையும் சொல்லிவிட வேண்டும். புதிய டிரைவர் முதல் முயற்சியிலேயே உள்ளே போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்; நான்காவது ஐந்தாவது பதிப்பு சகஜம். புதியவற்றை ஏற்கும் மெர்ஜ் விண்டோ ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வாரம்தான். அது திறக்கும் முன்பே உங்கள் பேட்ச் மெயின்டெயினரின் மரத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் இரண்டு மாதம் போய்விடும். அதற்குப் பிறகும் டிஸ்ட்ரோ அந்தக் கர்னலை எடுத்துக்கொள்ளும்வரை பயனருக்குக் காத்திருப்புதான்.

## ஸ்டேஜிங்

2008 கடைசியில் வெளியான 2.6.28 கர்னலில் கர்னல் மெயின்டெயினர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் தொடங்கி வைத்த அடைவு இது. தரம் போதாத, ஆனால் யாராவது உட்கார்ந்து சீர்செய்யத் தயாராக இருக்கும் டிரைவர்களுக்கான இடம். ஒவ்வொரு டிரைவரோடும் பாக்கி வேலைகளைப் பட்டியலிடும் ஒரு கோப்பு இருக்கும். அந்தப் பட்டியல் காலியானால் சரியான அடைவுக்கு மாறலாம். இங்கிருந்து ஒரு மாட்யூலை ஏற்றினாலும் கர்னலுக்குக் கறைக் குறி விழும், இந்தத் தடவை 'சி'.

கேட்கும்போது அரைகுறை டிரைவருக்கு இதுவே வீடு என்று தோன்றும். நடந்ததைப் பார்த்தால் கதை கலவையாகத்தான் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் 2009 ஜூலையில் ஹைப்பர்-வி டிரைவர்களைச் சுமார் 20,000 வரிகளாக வெளியிட்டது. அவை 2.6.32-இல் ஸ்டேஜிங்குக்குப் போய், பல வெளியீடுகள் கடந்து ஒவ்வொன்றாக வெளியேறின. பிராட்காம் 2010-இல் திறந்த வைஃபை டிரைவர் 2.6.37-இல் ஸ்டேஜிங்கில் நுழைந்து, 3.2-இல் முறையான இடத்துக்குப் போனது. இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு: முழுநேரமாகத் திருத்துவதற்கு நிறுவனத்தின் ஆட்கள் இருந்தார்கள்.

மறுபக்கம் கோமெடி. தரவு சேகரிப்புக் கார்டுகளுக்கான இந்தத் தொகுப்பு 2009-இல் உள்ளே வந்து 2021-இல், 5.13 கர்னலில்தான் வெளியேறியது. ஆண்ட்ராய்டு டிரைவர்கள் உள்ளே வந்தன, கவனிப்பார் இல்லாமல் 2.6.33-இல் நீக்கப்பட்டன, 3.3-இல் திரும்பி வந்தன. இன்டெலின் கேமரா டிரைவரான ஆட்டம்ஐஎஸ்பியும் அதே பாதைதான்: 4.12-இல் வரவு, 4.18-இல் நீக்கம், 5.8-இல் மறுவரவு. வன்பொருள் டிரைவர் அல்ல என்றாலும் லஸ்டர் கோப்பு முறைமையின் கதை தெளிவான பாடம். 2013-இல் வந்து ஐந்து வருடம் இருந்தது. உண்மையான மேம்பாடு முழுக்க வெளியே தனி மரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஸ்டேஜிங் பிரதிக்கு அவ்வப்போது ஒரு மூட்டை பேட்சுகள் வந்து சேர்ந்தன. 2018-இல் 4.18 கர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறைமுகச் செலவு ஒன்றைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கர்னலில் முதல் பேட்ச் அனுப்பிப் பழக விரும்பும் புதியவர்களைப் பொதுவாக அனுப்புவது இந்த அடைவுக்குத்தான். இடைவெளியைச் சரிசெய்தல், பெயர் மாற்றம், குறிப்பைத் திருத்துதல் என்று வந்துகொண்டே இருக்கும். நீங்கள் அடிப்படை அமைப்பையே மாற்றும் பெரிய திருத்தம் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், இந்தத் தூறல் ஒவ்வொன்றும் அதோடு மோதும். பல டிஸ்ட்ரோக்கள் ஸ்டேஜிங் டிரைவர்களில் பெரும்பாலானவற்றை முடக்கியே வைப்பதால், பயனரிடம் சீக்கிரம் போய்ச் சேரும் என்ற ஆசையும் நிச்சயமில்லை.

இன்னொரு ஆபத்து: நீங்கள் பழையதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வேறொருவர் புதிதாக எழுதி முந்திவிடலாம். ஆர்8188இயூ என்ற ஸ்டேஜிங் வைஃபை டிரைவருக்கு நடந்தது அதுதான். மெயின்லைனில் இருந்த ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ அதே சிப்பை ஆதரிக்கத் தொடங்கியதும் ஸ்டேஜிங் பிரதி நீக்கப்பட்டது.

என் கணிப்பு: நீங்கள் இன்று புதிதாக எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால் ஸ்டேஜிங் உங்களுக்கானது அல்ல. வேறொருவர் எழுதிய, அளவில் பெரிய, வேலை செய்கிற, ஆனால் கர்னல் வழக்கத்துக்கு ஒவ்வாத நிரல் கையில் கிடைத்திருக்கிறது. அதைச் சோதிக்க வன்பொருளும் ஒரு வருடத்துக்குக் குறையாத நேரமும் இருக்கிறது. அப்போது மட்டும் யோசியுங்கள்.

## யூசர்ஸ்பேஸில்

கர்னல் டிரைவரே தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கர்னலுக்கு வெளியிலிருந்தே கருவியைத் தொட வழிகள் உண்டு: யுஎஸ்பி என்றால் லிப்யுஎஸ்பி, விசைப்பலகை வகைக் கருவி என்றால் எச்ஐடிரா, ஐ2சி அல்லது எஸ்பிஐ சிப் என்றால் அவற்றின் கேரக்டர் டிவைஸ்கள், பிசிஐ என்றால் யூஐஓ அல்லது விஎஃப்ஐஓ. ஸ்கேனர்களுக்கு சேன், கைரேகை உணரிகளுக்கு லிப்எஃப்பிரின்ட் என்று பெரும் தொகுப்புகளே இந்த வழியில் நடக்கின்றன.

சோதனை வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. தப்பு செய்தால் பெரும்பாலும் ஒரு ப்ராசஸ் சாகும், கணினி சாகாது. பைத்தானில் எழுதிப் பார்க்கலாம். கர்னல் பதிப்பு மாறினால் உங்களுக்குக் கவலையில்லை. யூசர்ஸ்பேஸை உடைக்கக் கூடாது என்ற அதே விதி இங்கே உங்களுக்குச் சாதகமாகத் திரும்புகிறது. வாக்கு கொடுக்கும் இடத்திலிருந்து வாக்கு பெறும் இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள்.

இழப்பது என்ன என்றால், கருவி இயங்குதளத்தின் குடும்பத்தில் சேராது. உங்கள் கேமராவை மற்ற நிரல்கள் வழக்கமான வீடியோ டிவைஸாகப் பார்க்க முடியாது. உங்கள் நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களுக்கு மட்டுமே அது தெரியும். ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ் கருவியைப் பிடித்துக்கொள்ளும். யூஐஓ-வில் டிஎம்ஏ வசதி கிடையாது. விஎஃப்ஐஓ-வைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த ஐஓஎம்எம்யு (கருவி எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) வேண்டும். அனுமதிக்கு யுடெவ் விதி எழுத வேண்டும், அதை மறந்துவிட்டு ரூட்டாக ஓடச் சொல்லும் நிரல்கள் இன்றும் ஏராளம்.

கர்னலோடு மோதலும் வரும். ஆர்டிஎல்2832யூ சிப் உள்ள டிவி டாங்கிள்களை ரேடியோ கேட்கப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. கர்னலின் டிவி டிரைவர் முந்திக்கொண்டு கருவியைப் பிடித்துக்கொள்ளும். அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் போட்டால்தான் லிப்யுஎஸ்பி வழியாக வரும் ரேடியோ நிரல் ஓடும். ஒரே வன்பொருள், இரண்டு பயன், இரண்டு டிரைவர்.

எச்ஐடி கருவிகளில் (விசைப்பலகை, மவுஸ் வகை) பிழையான விவரணையைத் திருத்துவது மட்டும்தான் வேலை என்றால், 2023-இல் 6.3 கர்னலோடு வந்த எச்ஐடி-பிபிஎஃப் இருக்கிறது. தனி டிரைவர் எழுதாமலே முடிந்துவிடும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வெளி மாட்யூல் | மெயின்லைன் துண்டுகள் | ஸ்டேஜிங் | யூசர்ஸ்பேஸ் |
|---|---|---|---|---|
| வெளியே கொடுக்கும் வாக்கு | இல்லை, பயனர் பெருகும்வரை | முதல் நாளிலிருந்தே | தளர்வு, ஆனால் வெளியேறும் முன் சரிசெய்ய வேண்டும் | உங்கள் நூலகம் தருவது மட்டும் |
| கர்னல் மாறினால் திருத்துவது | நீங்கள் | மாற்றுகிறவர் | மாற்றுகிறவர் | தேவையில்லை |
| டிஎம்ஏ, வேகமான இன்டரப்ட் | முடியும் | முடியும் | முடியும் | பெரும்பாலும் முடியாது |
| பயனரை அடையும் வேகம் | உடனே, ஆனால் சிரமத்தோடு | மாதங்கள், பிறகு தானாக | நிச்சயமில்லை | உடனே |
| ரிவ்யூ | இல்லை | கடுமை | உண்டு, பெரும்பாலும் மேலோட்டம் | திட்டத்தைப் பொறுத்து |
| மறைந்திருக்கும் செலவு | பதிப்பு நிபந்தனைகள், செக்யூர் பூட், பிரதிகளின் பெருக்கம் | பைண்டிங், ஐஆக்டில் முடிவுகள் சீக்கிரமே | சில்லறை பேட்சுகளோடு மோதல், நீக்கப்படும் அபாயம் | மற்ற நிரல்களுக்குத் தெரியாது |

## மொத்தமாக முடித்துக் கொட்டுவது

ஏஎம்டியின் திரை டிரைவர்தான் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2016 பிப்ரவரியில் சுமார் 93,000 வரிகள் வெளியாயின. பிற இயங்குதளங்களோடு பகிர்ந்துகொள்வதற்காக உள்ளே ஒரு இடை அடுக்கு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிராஃபிக்ஸ் துணைப்பிரிவின் மெயின்டெயினர் டேவ் ஏர்லி அதை வைத்துக்கொண்டு ஏற்க முடியாது என்று மறுத்தார். திருத்தி எழுதப்பட்டு 4.15-இல் அது உள்ளே வந்தபோது 2018 பிறந்துவிட்டது. இறுதியிலும் அது பெரிய பொதிதான். அளவு அல்ல பிரச்சினை. முதல் சில ஆயிரம் வரிகளிலேயே கேட்டிருக்க வேண்டிய 'இந்த அடுக்கு வேண்டுமா' என்ற கேள்வி எல்லாம் எழுதி முடித்த பிறகு வந்தது. பெரிய நிறுவனத்தால் அந்த இரண்டு வருடத்தைத் தாங்க முடிந்தது. தனி ஆளுக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## சரி, உங்களுக்கு எது

ஓய்வு நேரத்தில் ஆவணமில்லாத யுஎஸ்பி கருவியைத் தோண்டுகிறீர்கள் என்றால் லிப்யுஎஸ்பி-யில் தொடங்குங்கள். நெறிமுறை புரிந்த பிறகும் பெரும்பாலான கருவிகளுக்கு அதுவே போதும். அது நெட்வொர்க் கார்டாகவோ ஒலிக் கருவியாகவோ தெரிந்தே ஆக வேண்டும் என்றால், கற்றதை வைத்து மெயின்லைனுக்கு முந்நூறு வரியில் ஒரு டிரைவர் எழுதலாம். யூசர்ஸ்பேஸில் எழுதியது வீண் போகாது. கருவியின் ஆவணமாக அது நிற்கும்.

ஐ2சி சென்சார், எல்இடி கன்ட்ரோலர், மின் சீராக்கி போன்ற சிப்புகளுக்கு டேட்டாஷீட் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நேராக மெயின்லைன். அந்தத் துணைப்பிரிவுகளில் இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே முடிவானது. நீங்கள் புதிதாகக் கொடுக்கும் வாக்கு பைண்டிங் மட்டும்தான். முதல் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

கிராஃபிக்ஸ், கேமரா, ஏஐ முடுக்கி போன்றவற்றில் இன்டர்ஃபேஸ்தான் பாதி வேலை. இங்கே இரண்டு இடங்களைக் கலப்பதே வழக்கம். மாலி கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கான பான்ஃப்ராஸ்ட் குழுவினர் முதலில் உற்பத்தியாளரின் கர்னல் மாட்யூல் மேலேயே தங்கள் யூசர்ஸ்பேஸ் பகுதியை எழுதிப் பழகினார்கள். பிறகு 2019-இல் 5.2 கர்னலில் சொந்த டிரைவர் வந்தது. அசாஹி குழுவினரும் கலப்புதான்: சீரியல் போர்ட், இன்டரப்ட் கன்ட்ரோலர் போன்ற அடிப்படைகள் 5.13-இலேயே மெயின்லைனுக்குப் போயின, என்விஎம்இ 5.19-இல், சிபியு வேகக் கட்டுப்பாடு 6.2-இல். இன்டர்ஃபேஸ் முதிராத கிராஃபிக்ஸ் மட்டும் வெளி மரத்தில் வளர்ந்தது. கிராஃபிக்ஸ் துணைப்பிரிவில், புதிய இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தும் திறந்த மூல யூசர்ஸ்பேஸ் நிரல் ஒன்றும் தயாராக இருந்தால்தான் பேட்சை ஏற்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள், தயாரிப்பு பழைய கர்னல் ஒன்றில் பூட்டப்பட்டிருக்கிறது, மேலாளர் அடுத்த மாதம் கேட்கிறார் என்றால் வெளி மாட்யூலைத் தவிர்க்க முடியாது. அப்போதும் ஒன்று செய்யலாம். பைண்டிங்கையும் டிரைவரின் முதல் துண்டையும் மட்டும் இணையாக மெயின்லைனுக்கு அனுப்பிவையுங்கள், ஆர்எஃப்சி (கருத்துக் கேட்பு) என்று தலைப்பில் போட்டாவது. ரிவ்யூவில் ஒரு பண்பின் பெயர் மாறினால், போர்டுகள் தொழிற்சாலையை விட்டுப் போவதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரிந்துவிடும்.